சுவர் உப்பினால் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம். இதற்கு மேல் வீட்டுக்கு இதனால் என்ன பயன்?" என்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான். ஓரளவு புதிய வீடு ஒன்றில் சுவர் உப்பியது. காரணம் என்னவென்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இடித்துக் கட்ட 85,000 ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்துவிட்டார். கடைசியில் உண்மையைச் சொன்னது போட்டோ போல்டரும் ஓர் எக்ஸெல் தாளும்தான். இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன.

வீடும் சுவரும்

வீடு எண்ணூரில், கத்திவாக்கம் பக்கம். என் சித்தப்பா 2022-ல் கட்டி முடித்தது. கடல் நடந்து போகிற தூரம். மாடியில் இருந்த பெரிய அறையை ஹாலாகவும் படுக்கையறையாகவும் பிரிக்க, நடுவில் 12 அடி நீளத்துக்கு ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவர் வைத்தார்கள். ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள். தகர சேனல்களை நிறுத்தி, இரு பக்கமும் 12.5 மி.மீ. கனமுள்ள போர்டுகளை ஸ்குரூ போட்டு முடுக்கி, இணைப்புகளுக்கு டேப் ஒட்டி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்த்தால் சாதாரணச் சுவர் போலவே இருக்கும். தட்டினால்தான் தெரியும்.

ஹால் பக்கம், கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை அந்தச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

"கடக்காத்து சார். இங்க எல்லா வூட்லயும் இதான்" என்றார் மேஸ்திரி. "2023 புயல்ல குடிச்ச தண்ணிதான் இப்ப வெளிய வருது" என்றார் சித்தி. எதிர் வீட்டுக்காரர் சிமென்ட் சரியில்லை என்றார். அந்தச் சுவரில் சிமென்டே கிடையாது. சித்தப்பா என்னைப் பார்த்து, "நீதான் கம்ப்யூட்டர் பத்தி எழுதறவனாச்சே, இதுக்கு ஏதாவது வழி இருக்கா, சொல்லுப்பா" என்றார்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

காரணம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உள்ளது. உப்பிய சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடவும். பிறகு கம்ப்யூட்டர், மானிட்டர், யு.பி.எஸ். மூன்றையும் வேறு சுவருக்கு மாற்றவும். ஜிப்சம் சுவருக்குள் இருப்பது தகர சேனல். ஈரமும் மின்கசிவும் சேர்ந்தால் சேனல் முழுவதிலும் கரன்ட் ஏறலாம். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும். 'உள்ளே என்ன இருக்கிறது' என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டாம்.

சுவர் கெட்டால் கம்ப்யூட்டரும் கெடுமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் கெட்டிருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயல் அடித்த பிறகு அங்கே ஜிப்சம் போர்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. சீனாவிலிருந்து இறக்குமதியான போர்டுகள் பல வீடுகளில் பொருத்தப்பட்டன. அவற்றில் சில கந்தக வாயுக்களை வெளியிட்டன. அதனால் ஏ.சி.யின் செம்புச் சுருள், வீட்டு ஒயரிங், எலெக்ட்ரானிக் சாதனங்கள் எல்லாம் கறுத்து அரித்துப்போயின. அங்கே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வந்த புகார்கள் சுமார் 4,000. எனவே, பிளக் பாயின்டைத் திறக்கும்போது உள்ளே செம்புக் கம்பி கன்னங்கரேல் என்று இருக்கிறதா என்று பார்க்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லவும். சித்தப்பா வீட்டில் கம்பி பளிச்சென்று இருந்தது. ஆக, அந்தச் சந்தேகம் முதலிலேயே நீங்கியது.

எந்த உப்பல், என்ன நோய்?

சுவர் உப்புவது ஒரே நோய் அல்ல. உப்பல் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

1. ஜிப்சம் சுவரில் சிறு சிறு பொட்டுகளாக, ஒரே இடைவெளியில் உப்பினால் அது ஸ்குரூ தலை. சேனல் அசைகிறது அல்லது ஸ்குரூ சரியாக முடுக்கவில்லை.

2. இரண்டு போர்டுகள் சேரும் இடத்தில் நேர்கோடாக உப்பினால் டேப் வேலை சரியில்லை.

3. தரையிலிருந்து கூரை வரை சுவர் வில் போல் வளைந்தால், மேலே உள்ள கான்கிரீட் தளம் இறங்கித் தடுப்புச் சுவரை அழுத்துகிறது எனலாம். தடுப்புச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விடாவிட்டால் இப்படி ஆகும். இதற்கு இன்ஜினியரை அழைக்கவும்.

4. சிமென்ட் பூச்சுச் சுவரில் பெயின்ட் கொப்புளித்து, உடைத்தால் வெள்ளைப் பொடி கொட்டினால் அது உப்பு. சுவருக்குள் உள்ள ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பெயின்டைத் தள்ளுகிறது. கடற்கரை ஊர்களிலும், உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளிலும் இது அதிகம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456). வீடு கட்டப்போகிறவர்கள் போர் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

5. தூண், பீம் ஓரத்தில் நீளவாக்கில் வெடித்து, பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட்டையே பிளந்துவிடும். இதைப் பட்டி பார்த்து மறைப்பது ஆபத்து.

6. தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம் வந்து, பூச்சு பெயர்ந்தால் கலவை செங்கல்லைப் பிடிக்கவில்லை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், புதிய கட்டடத்திலேயே கை பட்டதும் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அங்கே தரத்தைச் சோதிக்கும் வேலை சென்னை ஐ.ஐ.டி.யிடம் கொடுக்கப்பட்டது.

7. ஜிப்சம் சுவரில் தரையை ஒட்டி மட்டும் உப்பினால் தண்ணீர். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. தீயை அது தாங்குவது அதனால்தான். ஆனால், வெளியிலிருந்து தண்ணீர் பட்டால் இளகிவிடும். போர்டின் மேல் ஒட்டிய காகிதமும் ஊறிப் பிரியும். தரையில் தேங்கும் தண்ணீரை போர்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கும்.

சித்தப்பா வீட்டுச் சுவர் ஏழாம் வகை. தண்ணீர் என்பது சரி. ஆனால், எந்தத் தண்ணீர்? புயல் மழையா, கடல் காற்றின் ஈரமா, வேறு ஏதாவதா? இதற்குத்தான் கம்ப்யூட்டர்.

போட்டோக்கள் சொல்லும் தேதி

சுவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால், சுவருக்கு முன்னால் நிற்கிறவர்களை எடுப்போம். பொங்கல், பிறந்த நாள், பேரன் தவழ்ந்தது என்று மூன்று ஆண்டுப் படங்கள் சித்தப்பா, சித்தி இருவரின் செல்போன்களிலும் இருந்தன.

போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைக்கவும். 'சுவர்' என்று ஒரு போல்டர் உருவாக்கி, படங்களை அதில் காப்பி செய்திடவும். போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் 'டீடெய்ல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதில் டிக் செய்திடவும். பிறகு அந்தத் தலைப்பில் ஒரு கிளிக் செய்தால், படங்கள் எடுத்த தேதி வாரியாக அடுக்கிக் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'டேட் மாடிபைட்' என்பது வேறு. அது பைல் மாறிய தேதி. மேலும், வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்த படங்களில் எடுத்த தேதி அழிந்திருக்கும். எனவே, எடுத்த போனிலிருந்தே படத்தை எடுக்கவும்.

சித்தப்பா மவுஸைப் பிடித்துப் பழகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு படமாக ஜூம் செய்து, ஆட்களை விட்டுவிட்டு, அவர்கள் கால் பக்கச் சுவரை மட்டும் பார்த்தோம். கிடைத்த விவரம் இது:

2023 மே, பேரன் பிறந்த நாள்: சுவர் நேராக உள்ளது.
2024 ஜனவரி, பொங்கல்: நேராக உள்ளது.
2024 ஜூன்: தரைக்கு மேல் லேசான நிழல்.
2025 ஜனவரி, பொங்கல்: அதே நிழல், கூடவில்லை.
2025 ஜூன்: உப்பல் தெளிவாகத் தெரிகிறது.

இதைப் பார்த்ததும் சித்தி பேசாமல் இருந்துவிட்டார். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப்போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்க முடியாது. ஆனால், அடுத்த மாதமே எடுத்த பொங்கல் படத்தில் இந்தச் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. சென்னையில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அந்த மாதங்களுக்குப் பிறகு உப்பல் கூடவே இல்லை. கூடியதெல்லாம் கோடையில்! கடல் காற்றுதான் காரணம் என்றால் ஆண்டு முழுவதும் அல்லவா கூட வேண்டும்?

எக்ஸெல் தாளில் ஒரு கேள்வி

கோடையில் மட்டும் இந்த வீட்டில் என்ன நடக்கிறது? இதற்கு விடை தேட, சித்தப்பா பத்திரமாக வைத்திருந்த மின்கட்டண ரசீதுகளை எடுத்தோம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பதால், ஆண்டுக்கு ஆறு எண்கள்.

எக்ஸெல்லைத் திறக்கவும். அது இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதும். முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் யூனிட், மூன்றாவதில் சுவர் பற்றிய குறிப்பு. தேதியை டைப் செய்ததும் அது செல்லின் வலது ஓரத்தில் நிற்க வேண்டும். இடது ஓரத்தில் நின்றால், கம்ப்யூட்டர் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். திருத்தி டைப் செய்திடவும். பிறகு முதல் இரண்டு நெடுவரிசைகளையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' சென்று 'லைன் சார்ட்' கிளிக் செய்திடவும்.

2023 மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 320 யூனிட். 2024-ல் அதே மாதங்களில் 610. 2024 நவம்பர், டிசம்பரில் 250. 2025 மே, ஜூனில் மறுபடியும் 640. திரையில் கோடு மலை போல் ஏறி இறங்கியது. மலை ஏறும்போதெல்லாம் பக்கத்துக் குறிப்பில் சுவர் உப்பியிருந்தது.

"2024 ஏப்ரல்லதான ஏ.சி. வாங்குனோம்" என்றார் சித்தப்பா மெதுவாக.

ஏ.சி. இருப்பது படுக்கையறையில். உப்பல் இருப்பது ஹாலில். அதனால்தான் ஒன்றை மற்றொன்றோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏ.சி. ஓடும்போது காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றும். எண்ணூர் போன்ற கடலோரத்தில் ஒன்றரை டன் ஏ.சி.யிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வரலாம். அந்தத் தண்ணீர்க் குழாய் வெளியில் எங்கும் கண்ணில் படவில்லை. பால்கனியில் தரையை ஒட்டி அதன் நுனி மட்டும் தெரிந்தது. அப்படியானால் குழாய் சுவருக்குள் போகிறது!

வெயிலே காரணமாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2023 மே மாதமும் வெயில்தான். அப்போது ஏ.சி. இல்லை, உப்பலும் இல்லை. ஒரு காரணத்தை ஏற்கும் முன், அது இல்லாத காலத்தையும் இப்படிப் பார்க்க வேண்டும்.

நூல் பிடித்து அளப்போம்

இதுவரை கிடைத்தது சந்தேகம். உறுதி செய்ய அளவு வேண்டும். 30 மி.மீ. உயரமுள்ள இரண்டு மரத்துண்டுகளைச் சுவரின் இரு முனைகளிலும், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைத்து, மேலே கொத்தனார் நூலை இழுத்துக் கட்டினோம். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் 30 இருக்க வேண்டும். உப்பிய இடத்தில் 19 இருந்தது. ஆக, உப்பல் 11 மி.மீ.

இதைக் கம்ப்யூட்டரே கழிக்கும். சம குறி போட்டு, 30 என்று டைப் செய்து, கழித்தல் குறி போட்டு, இடைவெளி உள்ள செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டவும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிகளுக்கும் விடை வந்துவிடும்.

2025 ஜூலையில் பத்து நாள் வழக்கம் போல் ஏ.சி. ஓடியது. உப்பல் 11-லிருந்து 14-க்கு வந்தது. அடுத்த பத்து நாள் ஏ.சி.யை நிறுத்தி வைத்தோம். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. உப்பல் 14-லேயே நின்றது. அது குறையவில்லை; ஊறிக் கெட்ட போர்டு பழைய நிலைக்கு வராது. ஆனால், கூடவும் இல்லை.

கடைசிச் சோதனைக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஏ.சி. மெக்கானிக்கை அழைத்து, ஏ.சி.யின் தண்ணீர்த் தட்டில் ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னோம். பால்கனியில் குழாய் நுனிக்குக் கீழே பாத்திரம். முதல் முறை தட்டிலும் குழாயிலும் கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால், மறுபடியும் ஒரு லிட்டர் ஊற்றி அதை மட்டும் அளந்தோம். வெளியே வந்தது 600 மில்லி. மீதி 400 மில்லி சுவருக்குள்!

இடித்திருந்தால்?

மேஸ்திரி சொன்னபடி தடுப்பை இடித்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழாய்க் கசிவு அப்படியே இருந்து, புதுச் சுவரின் பூச்சையும் ஊற வைத்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் எடை. 12 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி இரு பக்கமும் பூசினால் சுமார் 3 டன். அதே அளவு ஜிப்சம் தடுப்பு கால் டன்தான். சித்தப்பா வீட்டில் அந்தச் சுவருக்குக் கீழே பீம் கிடையாது, வெறும் தளம். லேசான தடுப்பு வரும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய தளத்தின்மேல் 3 டன்னை ஏற்றும் முன், கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

பழுது பார்த்த விதம் எளிது. ஹால் பக்கம் கீழே இரண்டடி உயரத்துக்கு மட்டும் போர்டை அறுத்து எடுத்தார்கள். உள்ளே, குழாயின் ஓர் இணைப்பு பசை ஒட்டாமல் வாய் பிளந்திருந்தது. குழாயைச் சுவருக்குள்ளிருந்து எடுத்து, படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கமாகவே கொண்டுபோனார்கள். சேனலின் அடிப்பகுதியில் துருவைத் தேய்த்து பிரைமர் அடித்தார்கள். நான்கு நாள் மின்விசிறி வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, ஈரம் தாங்கும் பச்சை நிற போர்டைப் பொருத்தினார்கள். இந்த முறை போர்டைத் தரையில் உட்கார வைக்காமல், 10 மி.மீ. தூக்கி நிறுத்தச் சொன்னோம். இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். தரையில் தண்ணீர் கொட்டினாலும் போர்டு இழுக்காது. மொத்தச் செலவு 9,000 ரூபாய்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே 'வீடு' என்று ஒரு போல்டர் உருவாக்கவும். அதில் ஒவ்வோர் அறையின் நான்கு சுவர்களையும் போட்டோ எடுத்துப் போடவும். ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதம் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று, அதே இடத்தில் நின்று எடுக்கவும். சுவருக்குள் குழாயோ ஒயரோ போகும் வேலை நடந்தால், மூடுவதற்கு முன் ஒரு படம் அவசியம். ஓர் எக்ஸெல் பைலில் மின்சார யூனிட், புதிதாக வாங்கிய சாதனம், பார்த்த பழுது ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வரவும். இரண்டையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைக்கவும்.

சித்தப்பாவின் பைலில் இப்போது 41 வரிகள் இருக்கின்றன. கடைசி வரி 2026 ஜனவரி 18: புதிய போர்டில் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் 30. கோடை முழுவதும் ஏ.சி. ஓடிய பிறகு, ஜூலையில் அடுத்த அளவு எடுப்பதாக அதே வரியில் குறித்து வைத்திருக்கிறார்.